முதலில் யாரிடம் காட்டுவாய்?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு நல்ல இடத்தில் முடிந்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். கல்யாணத்துக்குப் போட்டோ யார் என்பதுதான் என் மனைவி கேட்ட முதல் கேள்வி. தயவுசெய்து நீ எடுக்காதே. அன்றைக்கு ஒருநாளாவது கேமராவைக் கடைப் பையனிடம் கொடுத்துவிட்டுப் படத்துக்குள் வந்து நில்.

எனக்கு இந்தப் பருவம் முழுக்க கல்லூரியில் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளோடுதான் போகிறது. ப்ராஜெக்ட் தொடங்கும் முன் ஆளுக்கொரு பக்கம் எழுதி வரச் சொன்னேன். உனக்கு எது முக்கியம், எதை எடுக்க மாட்டாய், யாருடைய படங்களைப் பார்த்து இந்தப் பக்கம் வந்தாய், இவ்வளவுதான். நிறையப் பேர் உண்மை, நேர்மை, சமூக அக்கறை என்று எழுதி வந்தார்கள். தப்பில்லை, இருபது வயதில் நாமும் அதைத்தான் எழுதியிருப்போம். எதை எடுக்க மாட்டாய் என்ற கேள்விக்குத்தான் பாதிப் பேர் வெற்றிடம் விட்டிருந்தார்கள்.

ஒரு மாணவி ஹோமாய் வியாரவாலாவைப் பற்றி எழுதியிருந்தாள். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர், டெல்லியில் புடவை கட்டிக்கொண்டு கனத்த கேமராவோடு சைக்கிளில் போய் நேருவையும் மவுண்ட்பேட்டனையும் எடுத்தவர் என்பதெல்லாம் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். இவள் எழுதியது 1970இல் அவர் தொழிலை விட்டதைப் பற்றி. புதிதாக வந்த புகைப்படக்காரர்கள் நடந்துகொண்ட விதம் பிடிக்கவில்லை என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். 2012 வரை உயிரோடு இருந்தவர், அந்தத் தொழிலுக்குத் திரும்பவே இல்லை. "நிறுத்துறதும் ஒரு முடிவுதானே சார்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஆனால் நான் உனக்கு எழுத வந்தது இன்னொரு பெண்ணைப் பற்றி. வடசென்னையிலிருந்து வருகிறாள், அம்மா தூய்மைப் பணியாளர். தனக்கு வழிகாட்டி என்று பழனிகுமார் பெயரை எழுதியிருந்தாள். மதுரை ஜவஹர்லால்புரத்துக்காரர், அவருடைய அம்மா மீன் விற்றுக் குடும்பத்தைக் காத்தவர். மலக்குழிக்குள் ஆளை இறக்கக் கூடாது என்று 2013லேயே சட்டம் வந்தபிறகும் அதற்குள் இறங்கிச் செத்தவர்களையும் அவர்கள் வீட்டாரையும் வருடக்கணக்காகப் படமெடுத்துவருகிறார். 2022இல் புகைப்படக் கலைஞர் தயாநிதா சிங் பெயரில் 'பாரி' இணைய இதழ் தரும் ஆவணப் புகைப்பட விருது, முதல் முறையே அவருக்குத்தான் கிடைத்தது. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, அந்தத் தொழிலாளர்களின் பிள்ளைகள் கையிலேயே கேமராவைக் கொடுத்துச் சொல்லித்தருகிறாரே, அதுதான். இவளும் அதைத்தான் எழுதியிருந்தாள்: "எங்களை வெளியாட்கள் வந்து எடுத்த படங்கள் நிறைய இருக்கின்றன. நாங்கள் எடுத்தவை குறைவு."

அம்மாவோடு விடியற்காலையில் போய் எடுத்த படங்களைச் சின்னச் சின்னப் பிரிண்டாகப் போட்டு மேஜையில் பரப்பினாள். அதில் ஒன்றைப் பார்த்ததும் வகுப்பே எழுந்து வந்துவிட்டது. பிளாட்பார ஓரம், பின்னால் பச்சைக் குப்பைத்தொட்டி, அம்மா உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிடுகிறார். கையுறையைக் கழற்றி மடியில் வைத்திருக்கிறார், ஒரு விரல் மட்டும் அதிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. தெருவிளக்கின் மஞ்சள் ஒரு பக்கம், விடிகிற நீலம் ஒரு பக்கம். நீயும் நானும் அந்த வயதில் அப்படி ஒரு ஃப்ரேம் எடுத்ததில்லை.

"இது கண்காட்சிக்குக் கிடையாது சார்" என்றாள். வீட்டில் எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பி முதலில் அம்மாவிடம் காட்டியிருக்கிறாள். அம்மா இந்த ஒன்றை மட்டும் தனியாக எடுத்து வைத்து, "நான் சாப்பிடறத யாரும் பாக்க வேணாம்" என்றிருக்கிறார். அவருக்குப் பிடித்தது வேறொன்று: வருகைப் பதிவேட்டில் குனிந்து கையெழுத்துப் போடும் படம். வெளிச்சம் சுமார், பின்னால் யாரோ ஒருவருடைய தோள் பாதியாக வெட்டுப்பட்டிருக்கிறது. ஆனால் அவர் பெயர் அவர் கையெழுத்திலேயே தெளிவாகத் தெரிகிறது.

ஒரு பையன் உடனே எதிர்த்தான். கேட்டுக் கேட்டு எடுத்தால் உலகத்தில் ஒரு கொடுமையும் படமாகாது சார் என்றான். 1984 போபால் விஷவாயு விபத்தைச் சொன்னான். ரகு ராயும் பாப்லோ பார்த்தலோமியூவும் எடுத்த அந்தக் குழந்தை, மண்ணுக்கு வெளியே முகம் மட்டும் தெரிய. யாரைக் கேட்டிருக்க முடியும்? அது யார் பெற்ற பிள்ளை என்று இன்றுவரை தெரியாது. அவன் சொன்னது சரிதான். அந்தப் படம் இல்லாவிட்டால் போபாலை இந்த அளவுக்கு யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். கேட்பதற்கு ஆளே இல்லாத இடம் அது. இங்கே ஆள் இருக்கிறார், கேட்டாயிற்று, வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். இரண்டையும் ஒன்றாகப் பேச முடியாது.

அப்புறம் நான் டோரதியா லாங்கைக் கொண்டுவந்தேன். அவரும் உன்னை மாதிரி ஸ்டூடியோக்காரர்தான், தெரியுமா? சான் பிரான்சிஸ்கோவில் வசதியானவர்களை உட்காரவைத்து எடுத்துக்கொண்டிருந்தவர். 1930களில் பொருளாதார வீழ்ச்சி வந்து வேலையில்லாதவர்கள் தெருவில் நின்றபோது கேமராவோடு கீழே இறங்கி வந்துவிட்டார். 1936இல் கலிபோர்னியாவில் நிப்போமோ என்ற ஊரில், பட்டாணி பறிக்க வந்தவர்களின் முகாமில் எடுத்ததுதான் 'புலம்பெயர்ந்த தாய்' என்ற அந்தப் புகழ்பெற்ற படம். பெயரையோ கதையையோ தான் கேட்கவில்லை என்று லாங்கே பின்னால் எழுதியிருக்கிறார். படம் பத்திரிகையில் வந்ததும் அரசு அந்த முகாமுக்கு உணவு அனுப்பியது, ஆனால் அதற்குள் அந்தக் குடும்பம் வேறு ஊருக்குப் போய்விட்டது. அந்தத் தாய் ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்று உலகுக்குத் தெரிய 1978 ஆனது. அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசுகூட வரவில்லை, எடுக்காமலே இருந்திருக்கலாம் என்றார் அவர். 1983இல் அவர் நோயில் விழுந்தபோது பிள்ளைகள் உதவி கேட்டார்கள். முன்பின் தெரியாதவர்களெல்லாம் பணமும் கடிதமும் அனுப்பினார்கள். அந்தக் கடிதங்களைப் படித்த பிறகுதான் அந்தப் படத்தின் மேல் பிள்ளைகளுக்கு இருந்த மனத்தாங்கல் குறைந்தது. லாங் மேல் எனக்கு மதிப்புக் குறையவில்லை. ஆனால் பெயரைக் கேட்க ஒரு நிமிஷம் ஆகியிருக்கும்.

மினமாட்டாவையும் சொன்னேன். பிள்ளைகளுக்கு அது புதிது. ஜப்பானில் சிஸ்ஸோ ஆலை கடலில் விட்ட பாதரசம் மீன் வழியாக மனிதர்களுக்குள் போன ஊர். 1971இல் புகைப்படக்காரர் யூஜின் ஸ்மித்தும் அவர் மனைவி ஐலீனும் அங்கே போய் மூன்று வருடம் அந்த மக்களோடேயே குடியிருந்தார்கள். தாயின் வயிற்றிலேயே நஞ்சுக்கு ஆளாகிப் பிறந்த தொமொகோவை அவளுடைய தாய் குளிப்பாட்டும் படத்தை நாம் இருவரும் நூலகத்தில் பார்த்திருக்கிறோம். பெற்றோர் சம்மதத்தோடுதான் அது எடுக்கப்பட்டது, வழக்குக்கும் போராட்டத்துக்கும் பெரிய துணையாக இருந்தது. 1977இல் தொமொகோ இறந்துபோனாள். படம் மட்டும் புத்தகம் புத்தகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மகளுக்கு இனியாவது ஓய்வு கொடுக்கலாமே என்று பெற்றோருக்குத் தோன்றியது. அப்போது உரிமை ஐலீனிடம். 1998இல் அந்தப் படத்தைப் பற்றி முடிவெடுக்கும் உரிமையை அவர் பெற்றோரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். உலகத்தின் மிகச் சிறந்த புகைப்படங்களில் ஒன்று என்று பேசப்பட்ட படம்!

அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் உன் ஞாபகம் வந்தது. உன் கடை முகப்புக் கண்ணாடிப் பெட்டியில் ஒரு கல்யாணப் பெண்ணின் படம் பெரிதாக மாட்டியிருந்தாய், பட்டுச்சேலை, நெற்றிச்சுட்டி, கன்னத்தில் பக்கவாட்டு வெளிச்சம். தென்காசியில் அதைப் பார்த்துவிட்டு உன்னிடம் ஆர்டர் கொடுத்தவர்கள் எத்தனை பேர். அந்தப் பெண்ணின் வாழ்க்கை சரியாக அமையாமல் அவள் கடைக்கு வந்து எடுத்துவிடுங்கள் அண்ணே என்றபோது, ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் ஸ்டூலைப் போட்டு ஏறிக் கழற்றினாய். நெகட்டிவையும் கவரில் போட்டு அவள் கையில் கொடுத்தாய். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

இதையும் வகுப்பில் சொன்னேன். அந்தப் போபால் பையன்தான் முதலில் கேட்டான், அவரைக் கூப்பிட முடியுமா சார் என்று. நான் யோசித்துப் பார்த்தேன். நம் ஆவணப் படக்காரர்களில் பலருக்கு, எடுக்கப்பட்டவர் திரும்பி வந்து முன்னால் நிற்கும் நிலைமை வருவதே இல்லை. உனக்குத் தினமும் அதுதான். நீ எடுத்தவர்கள் மறுநாளே கடைக்கு வருகிறார்கள், பிடித்திருக்கிறது, பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறார்கள். துக்க வீட்டில் எடுத்த படத்தை மாலை போட ஃப்ரேம் பண்ணிக் கேட்டு வருகிறவர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று உனக்குத் தெரிந்த அளவு எங்கள் துறையில் ஒருவருக்கும் தெரியாது. நான் மரியாதைக்குச் சொல்லவில்லை.

அதனால் வா. மார்ச் முதல் வாரம் பிள்ளைகளின் கண்காட்சி, துறை வராந்தாவிலேயே. அந்தப் பெண்ணின் அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். கையெழுத்துப் படத்தைத்தான் வாசலுக்கு நேராக மாட்டப் போகிறோம், பெரிய அளவில். மேடை, மைக் எதுவும் கிடையாது, பெஞ்சில் உட்கார்ந்து பேசினால் போதும். கல்யாண வேலை இருக்கும் என்று தெரியும், பொதிகை ரயிலில் சாயங்காலம் ஏறினால் காலையில் எழும்பூர், மறுநாள் இரவே திரும்பிவிடலாம். முட்டி வலியோடு படி ஏற வேண்டாம், வராந்தா தரைத்தளம்தான். தேதி சரிப்படுமா என்று எழுது, டிக்கெட்டை நான் போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்