டிரைவர எண்ணாதீங்க, மொதல்ல காது அச்ச பாருங்க

மதிப்பிற்குரிய ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

நான் தென்னாப்பிரிக்கா டர்பன்லேர்ந்து எழுதுறேன், குடியிருக்கறது சாட்ஸ்வொர்த், சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். இங்க வந்து பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் காலைல உங்க பேப்பர போன்ல ஒரு தடவ பாத்தாதான் எனக்கு பொழுது விடியும். போன வாரம் விலை ஒசந்த கஸ்டம் இயர்போன் பத்தி, அதாவது நம்ம காதுக்குள்ள அச்சு எடுத்து நமக்குன்னே செஞ்சு குடுக்கற இன்-இயர் மானிட்டர் பத்தி, ஒரு முழுப்பக்கம் போட்டிருந்தீங்க. தமிழ்ல இத எழுத ஆள் இருக்கேன்னு ரொம்ப சந்தோஷம். ஆனா அதுல, இயர்போனுக்கு உள்ள எத்தன டிரைவர், அதாவது சத்தத்த உண்டாக்கற குட்டி ஸ்பீக்கர், இருக்கோ அவ்வளவு துல்லியமா கேக்கும்ங்கற மாதிரி ஒரு பேச்சு வருது பாருங்க, அத படிச்சிட்டு மதுரைலேர்ந்து இங்க ஐடி வேலைக்கு வந்திருக்கற தம்பி ஒருத்தர், சனிக்கிழமை சனிக்கிழமை எங்கிட்ட மிருதங்கம் கத்துக்கறவரு, "மாஸ்டர், 18 டிரைவர் உள்ளத ஆர்டர் போடப் போறேன், லோன் கெடைக்குது"ன்னு வந்து நின்னாரு. அதனாலதான் இந்த லெட்டர்.

அவரு சொன்னது 64 ஆடியோ கம்பெனியோட ஏ18டி. அமெரிக்கால 2,999 டாலர்னு வித்தது. டாலருக்கு 18 ரேண்ட்னு வச்சா 54,000 ரேண்ட், அதுக்கு மேல இங்க இறக்குமதிக்கு 15 சதவீதம் வாட் வரி, அதுவே எட்டாயிரத்துக்கு மேல போயிடும், கூரியர் தனி. இந்த காசுல ஊர்லேர்ந்து நல்ல பலா மரத்துல கடைஞ்ச மிருதங்கம் எத்தன எறக்கலாம்னு அவரயே கணக்கு போடச் சொன்னேன். பொருள் மட்டம்னு நான் சொல்லவே இல்ல, அருமையான பொருள். ஆனா அவரு வாங்கறதுக்கு சொன்ன காரணம் தப்பு.

என் கதைய சொல்றேன். நாலு வருஷம் சீட்டு கட்டி சேத்த காசுல நானும் ஒரு கஸ்டம் செஞ்சேன், கம்பெனி பேரு வேணாம். காது அச்சு எடுக்க இங்க ஒரு ஆடியாலஜிஸ்ட் கிட்ட போனேன், அவங்க காது கேக்காதவங்களுக்கு மிஷினு மாட்டி விடறதுல நல்ல கைராசிக்காரங்க, ஆனா இசை கேக்கற இயர்போனுக்கு அச்சு எடுக்கறது வேற மாதிரின்னு அவங்களுக்கு யாரும் சொல்லல, எனக்கும் தெரியல. வாய மூடி உக்காரச் சொன்னாங்க, அஞ்சு நிமிஷத்துல வேல முடிஞ்சுது. ஆறு வாரம் கழிச்சு பார்சல் வந்துச்சு, ஆசையா மாட்டிகிட்டு பாட்ட போட்டா தொப்பியே இல்ல! மிருதங்கத்தோட இடது பக்கம், அந்த 'தொம்', அது இருக்கற எடமே தெரியல. வாய தொறந்து ஒரு வார்த்த பேசினா போதும், லேசா காத்து போற மாதிரி ஒரு சத்தம், அடியொலி, அதாவது பேஸ், மொத்தமும் ஓடிப் போயிடும். வாய இறுக்கி மூடுனா திரும்பி வரும். என்னமோ பொருள்லதான் கோளாறுன்னு ரெண்டு வாரம் தூக்கமில்லாம கெடந்தேன்.

அப்பறம்தான் விஷயம் புரிஞ்சுது. நம்ம தாடை அசையறப்ப காது குழாயோட வடிவமும் கூடவே மாறுது. வாய மூடி எடுத்த அச்சுல செஞ்சத மாட்டிகிட்டு பாடினாலோ பேசினாலோ சிரிச்சாலோ ஓரமா ஒரு மயிரிழை சந்து விழும், அந்த சந்து வழியா மொதல்ல ஓடறது அடியொலிதான், அதுவும் கொஞ்ச நஞ்சம் இல்ல, 10 டெசிபல் 20 டெசிபல்னு எறங்கும். எத்தன டிரைவர் வச்சாலும் அந்த சந்த அடைக்க முடியாது.

ரெண்டாவது தடவ அச்சு எடுத்தத கொஞ்சம் விவரமா சொல்றேன், படிக்கறவங்க யாருக்காச்சும் உதவும். மொதல்ல லைட் அடிச்சு காதுல அழுக்கு இருக்கான்னு பாத்தாங்க. நூல் கட்டின ஒரு சின்ன பஞ்சு உருண்டைய காது குழாயோட ரெண்டாவது வளைவு தாண்டி உள்ள தள்ளினாங்க, செவிப்பற மேல அச்சு எடுக்கற சிலிக்கான் படாம காப்பாத்தறது அதுதான். பல்லுக்கு நடுவுல ஒரு கட்டைய கடிக்கச் சொன்னாங்க, வாய் ஒரு இஞ்ச் தொறந்தபடியே நிக்கணும். அப்பறம் ரெண்டு கலர் சிலிக்கான ஒண்ணா பெசஞ்சு, பெரிய ஊசிக்குழல்ல அடைச்சு, காதுக்குள்ள நெரப்பினாங்க. சில்லுனு ஏறுது, அந்தப் பக்க ஒலகமே அப்படியே அமுங்கிப் போவுது, நம்ம ரத்தம் ஓடறது நமக்கே கேக்குது. எச்சி முழுங்கக்கூடாது, தலைய ஆட்டக்கூடாது. சிலிக்கான் எறுகினதும் மெல்ல திருகி எடுத்தாங்க, அப்ப பொளக்குன்னு ஒரு இழுப்பு, நூலோட பஞ்சும் கூடவே வந்துடுச்சு. கைல வாங்கி பாத்தேன், என் காதுக்குள்ள இவ்வளவு வளைவு நெளிவு இருக்குன்னு அன்னிக்குத்தான் தெரியும், எடது காது ஒரு மாதிரி வலது காது ஒரு மாதிரி. அத அனுப்பினதும் கம்பெனிக்காரங்க காசு வாங்காம திரும்ப செஞ்சு குடுத்தாங்க. நெறைய கம்பெனில மொத 30 நாளுக்குள்ள சொன்னா இந்த ரீஃபிட் ஃப்ரீ, ஆனா கூரியர் செலவு நம்மளது, அதனால ஆர்டர் போடறதுக்கு முன்னாடியே இத கேட்டு வச்சுக்கணும்.

இப்ப தொப்பி தொப்பியா கேக்குது. அதே இயர்போன், அதே டிரைவர், மாறினது அச்சு மட்டும்தான்.

டிரைவர் கணக்குக்கு வர்றேன். இந்த மாதிரி இயர்போன்ல பெரும்பாலும் இருக்கறது பேலன்ஸ்டு ஆர்மேச்சர்ங்கற வகை டிரைவர், காது கேக்காதவங்க மிஷினுக்குன்னு வளந்த சாமான், நோல்ஸ், சோனியன் மாதிரி சில கம்பெனிங்கதான் நெறைய பேருக்கு செஞ்சு குடுக்குது, சின்னது அரிசி மணி பருமன்தான் இருக்கும். ஒண்ணுக்கு மேல போடறது வேலைய பிரிச்சுக்க, கீழ ஒலிக்கு ஒரு கூட்டம், நடுவுக்கு ஒண்ணு, மேல ஒலிக்கு ஒண்ணு. கூட்டம் கூடக் கூட அவங்க ஒத்துப் போறதும் கஷ்டம், ஒரு டிரைவர் முடிக்கற எடத்துல இன்னொண்ணு நேரம் தவறாம எடுக்கணும், இல்லன்னா அந்த எடத்துல ஒலி கலங்கும். தனி ஆவர்த்தனத்துல மிருதங்கம் விட்ட எடத்துல கஞ்சிரா எடுக்கணும்ல, அது மாதிரி. ஜெர்ரி ஹார்வின்னு ஒருத்தர், 1995ல வான் ஹேலன் ட்ரம்மருக்காக செய்ய ஆரம்பிச்சு அல்டிமேட் இயர்ஸ் கம்பெனிய உண்டாக்கினவரு, அப்பறம் தனியா ஜேஎச் ஆடியோ ஆரம்பிச்சாரு, அவரே டிரைவருங்களோட நேரத்த ஒண்ணாக்கறதுக்குன்னு தனியா ஒரு முறையே வச்சிருக்காரு. அப்ப பாத்துக்கங்க அது எவ்வளவு பெரிய சிக்கல்னு.

ஜோகன்னஸ்பர்க்ல எனக்கு தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர் கச்சேரிக்கெல்லாம் சவுண்ட் பாக்கறவரு. அவர்கிட்ட ரப்பர் போட்டு மாட்டற டெமோ பீஸ் மூணு இருந்துச்சு: 64 ஆடியோ யு18டி, இது தம்பி சொன்ன ஏ18டியோட ரப்பர் மாடல், அதே 18 டிரைவர், ஜேஎச் ஆடியோ ராக்ஸான், அது 12, அல்டிமேட் இயர்ஸ் ரெஃபரன்ஸ் ரீமாஸ்டர்ட், அது வெறும் 3, ஹாலிவுட் கேப்பிடல் ஸ்டுடியோ ஆளுங்களோட சேந்து ட்யூன் பண்ணினது, 999 டாலர்னு வந்தது. நான் என் மிருதங்கத்தயே நல்ல மைக்ல ரெக்கார்ட் பண்ணி எடுத்துட்டு போனேன், ஏன்னா அது நெஜத்துல எப்படி கேக்கும்னு என் மடிக்கு தெரியும். அண்ணன் மொதல்ல மீட்டர் வச்சு மூணோட சத்தத்தயும் ஒரே அளவுக்கு கொண்டு வந்தாரு. இத செய்யாத கம்பாரிசன் எதயும் நம்பாதீங்க, ஒரு டெசிபல் கூட இருந்தாலே அதுதான் நல்லாருக்குன்னு நம்ம மனசு சொல்லிடும்.

யு18டில வலந்தலைல, அதாவது மிருதங்கத்தோட வலது பக்கத்துல, வெரல் நுனி படற எடம்கூட தெரியுது, சாப்புன்னு சொல்ற நாதமான அடி அடிச்சா அந்த நாதம் கடைசி இழை வரைக்கும் கேக்குது. நூறு வாத்தியம் சேந்து வாசிக்கற சினிமா பாட்டுக்கு அத அடிச்சுக்க ஆளில்ல, ஒவ்வொண்ணும் தனித்தனியா நிக்குது. ஆனா தொப்பி எனக்கு எடை கொறைவா பட்டுச்சு. ராக்ஸான்ல அதுக்கு நேர் எதிரு, வயர்லயே பேஸ் திருகு இருக்கு, கொஞ்சம் ஏத்துனா கல்யாண மண்டபத்துல உக்காந்த மாதிரி இருக்கு, அதுல சாப்போட நாதம் அமுங்கிப் போவுது. அந்த மூணு டிரைவர்காரன்தான், மொதல்ல கேக்க சப்புன்னு இருந்தவன், அரை மணி நேரம் கழிச்சு பாத்தா என் மடில இருக்கற மிருதங்கத்துக்கு ரொம்ப பக்கத்துல நின்னான். வலந்தலைல நடுவுல கறுப்பா கரணை போடறோமே, அதனாலதான் அந்த தோல் சாதாரண கொட்டு மாதிரி இல்லாம சுருதியோட பேசுதுன்னு நம்ம திருச்சில பொறந்த சி.வி. ராமன் 1920லயே நேச்சர் பத்திரிகைல எழுதினாரு. அந்த சுருதி சேருதா இல்லையாங்கறதுதான் என் பரீட்ச. இதெல்லாம் என் காது, என் வாத்தியம். வீணை கேக்கறவங்களுக்கு வேற வரலாம், அவங்கவங்க நல்லா பழகின சத்தத்த வச்சு கேட்டுப் பாக்கணும்னுதான் சொல்றேன்.

இன்னொரு சங்கதி, கேட்டுப் பாத்த டெமோ பீஸும் நமக்கு செஞ்சு வர்ற கஸ்டமும் அப்படியே ஒண்ணா கேக்காது. ரப்பர் எவ்வளவு ஆழமா போவுது, அச்சு எவ்வளவு ஆழமா போவுதுங்கறத பொறுத்து மேல ஒலில ஒரு தூக்கல் எடம் மாறும். அதோட கஸ்டத்த திருப்பி விக்கறது ரொம்ப கஷ்டம், அடுத்தவங்க காதுக்குள்ள நொழையாது, வேற கூடு மாத்திதான் விக்கணும், அதுக்கு தனி காசு. கடன்ல வாங்கறவங்க இத ரெண்டு தடவ யோசிக்கணும்.

உங்க கட்டுரைல ஒரு வரிகூட இல்லாத விஷயத்த சொல்லிடறேன். இங்க டர்பன் மினிபஸ் டாக்ஸில ஏறினவங்களுக்கு தெரியும், க்வோம்னு இந்த ஊர்லயே பொறந்த ம்யூசிக், சீட்டுக்கு அடில ஸ்பீக்கர், வண்டி கண்ணாடியே அதிரும். சாதா இயர்போன் போட்டா அதுக்கு மேல கேக்கணும்னு நாமளும் சத்தத்த ஏத்திகிட்டே போவோம். அச்சு சரியா உக்காந்த கஸ்டம் வெளிச்சத்தத்த 20 டெசிபலுக்கு மேலயே கொறைக்கும், அதனால நான் இப்ப போன்ல பாதி வால்யூம்கூட தாண்டறதில்ல. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல், அதுதான் பெரியவங்களுக்கு அளவுன்னு சொல்லுது, சின்னப் பிள்ளைங்களுக்கு 75. தைப்பூசக் காவடில உறுமிக்கு பக்கத்துலயே நின்னு நின்னு எங்க செட்ல ரெண்டு பேருக்கு காதுல எந்நேரமும் 'ங்ஙொய்'னு ஒரு சத்தம், ராத்திரி அவங்க படற பாட்ட பாத்தா வயிறு எரியுது. போன காது திரும்ப வராதுங்க. என்னக் கேட்டா கஸ்டத்துக்கு காசு போடறதுக்கு இதுதான் மொத காரணம், மத்ததெல்லாம் அப்பறம். ஆனா அத மாட்டிகிட்டு ரோட்டுல மட்டும் நடக்காதீங்க, வண்டி வர்றதே கேக்காது.

மதுரை தம்பி இப்போதைக்கு லோன நிறுத்தி வச்சிருக்காரு, லீவுல ஊருக்கு போறப்ப கேட்டுப் பாத்துட்டு முடிவு பண்றேன்னாரு. நீங்க அடுத்த வாரம் ஒரு சின்ன பெட்டி செய்தியாவாச்சும் டிரைவர் எண்ணிக்கை பத்தி திருத்தம் போட்டா அவரு மாதிரி எத்தன பேருக்கோ ஒதவும். இந்த லெட்டர் நீளமாயிடுச்சு, எடம் பத்தலன்னா எத வேணாலும் வெட்டிக்கங்க அய்யா, வாயத் தொறந்து வச்சுகிட்டு அச்சு எடுக்கணும்ங்கறத மட்டும் வெட்டிடாதீங்க.

இப்படிக்கு,
மிருதங்கம் சொல்லிக் குடுக்கற ஒரு வாசகர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்