போர்த்துக்கேய டார்ட்டுக்கு 180 பாகை போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு உங்கள் சமையல் பகுதியில் வந்த ‘ஆங்கிலேய முட்டை டார்ட்’ (மாக்கிண்ணத்தில் கஸ்டர்ட் ஊற்றிச் சுடும் பண்டம்) குறிப்பைப் பார்த்துச் செய்த எங்கள் ஒழுங்கை வீட்டார் இருவர், சரிவரவில்லை என்று என்னிடம் வந்தார்கள். பிழை அவர்களுடையதல்ல. குறிப்பில் சொன்னபடி 180 பாகையில் 40 நிமிடம் வைத்தால் பட்டர் உருகி வடிந்துவிடும், மா மடிப்பு மடிப்பாக எழும்பாது, கஸ்டர்ட் வட்டிலாப்பம் மாதிரி இறுகிப்போகும். ஓவன் எவ்வளவு ஏறுமோ அவ்வளவுக்கு ஏற்ற வேண்டும். என்னுடையது 250 வரை போகும். 15 நிமிடத்தில் மேலே கறுப்புப் புள்ளிகள் விழும். கருகுகிறது என்று பயந்து முன்கூட்டியே எடுத்துவிடாதீர்கள்.

கஸ்டர்ட் பவுடரும் வேண்டாம். 6 மஞ்சட்கரு, 300 மில்லி பால், கொஞ்சம் கோதுமை மா, கறுவாவும் தேசிக்காய்த் தோலும் போட்டுக் காய்ச்சிய சீனிப்பாணி. அவ்வளவுதான்.

கஷ்டம் மாவில்தான். பட்டர் மடித்த மாவை மட்டக்களப்பு வெயிலில் பகலில் தொடவே முடியாது. நான் விடியற்காலை நாலரைக்கே தொடங்கிவிடுவேன். மாவைப் பாய் போலச் சுருட்டி, துண்டு துண்டாக வெட்டி, வெட்டுமுகம் மேலே தெரிய அச்சில் வைத்து, பெருவிரலைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்து நடுவிலிருந்து விளிம்புவரை அழுத்திக்கொண்டு வருவேன். சரியாக வந்திருந்தால், வெந்ததும் திருப்பிப் பாருங்கள், அடியில் நத்தை ஓட்டுச் சுழி தெரியும்.

இன்னொன்று. இது ஆங்கிலேயர் பண்டம் அல்ல, போர்த்துக்கேயருடையது. லிஸ்பனில், பெலெம் ஜெரோனிமோஸ் மடத்தில் பிறந்தது. உடுப்புக்குக் கஞ்சிபோட வெள்ளைக்கருவை எடுத்தபின் மிஞ்சிய மஞ்சட்கருவில் அங்கிருந்த துறவிகள் செய்தார்கள் என்பார்கள். 1834இல் மடங்களை மூடினார்கள். 1837இலிருந்து பக்கத்துக் கடையில் சுட்டு விற்கிறார்கள், இன்றும்.

வேறு ஊர்ப் பத்திரிகை இப்படி எழுதியிருந்தால் விட்டிருப்பேன். நம் மட்டக்களப்பு 1628இல் போர்த்துக்கேயர் கோட்டை கட்டிய ஊர். அவர்கள் வழிவந்த பறங்கியர் இன்றும் நம்மோடு இருக்கிறார்கள், அந்தக் கலப்புப் போர்த்துக்கேயம் பேசும் முதியவர்களும் இருக்கிறார்கள். நாம் சொல்லும் பாண், குசினி, போறணை எல்லாம் போர்த்துக்கேயத்திலிருந்து வந்த சொற்கள்தான்.

அடுத்த ஞாயிறே திருத்தம் போடுங்கள். அந்த இரண்டு வீட்டாரும் மீதி பட்டரை பிரிட்ஜில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற மனையியல் ஆசிரியை,
கல்லடி, மட்டக்களப்பு.