'காஃபிர் லைம்' சீட்டை மாற்றுங்கள்

தமிழில் சமையல் குறிப்பு எழுதுகிறவர்களுக்கும் நாற்றுப் பண்ணை நடத்துகிறவர்களுக்கும்,

வணக்கம். தாய்லாந்துச் சமையலில் போடும் அந்த எலுமிச்சை இலை இப்போது நம் ஊர் நர்சரிகளிலும் கிடைக்கிறது. ஓர் இலையின் நுனியில் இன்னோர் இலையை ஒட்டவைத்ததுபோல் இருக்கும். (இரட்டை இலைதான், ஆனால் கட்சி எதுவும் இல்லை.) காயின் தோல் மேடும் பள்ளமுமாக இருக்கும். செடியில் குறை இல்லை, அதில் தொங்கும் சீட்டில்தான் சிக்கல். 'காஃபிர் லைம்' என்பதை எடுத்துவிட்டு 'மக்ரூட் எலுமிச்சை' என்று எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். மக்ரூட் என்பது தாய்லாந்துக்காரர்களே அதற்குச் சொல்லும் பெயர்.

காஃபிர் அரபுச் சொல். அதன் வேருக்கு மூடுதல், மறைத்தல் என்று பொருள். விதையை மண்ணால் மூடுகிற உழவனுக்கும், எல்லாவற்றையும் இருளால் மூடுகிற இரவுக்கும் பழைய அரபியில் இதே சொல் உண்டு. குர்ஆனின் 57ஆம் அத்தியாயம் 20ஆம் வசனத்தில், மழைக்குப் பிறகு முளைத்த பயிரைக் கண்டு மகிழும் 'குஃப்ஃபார்' உழவர்களே என்று விரிவுரையாளர்கள் பலர் பொருள் சொல்கிறார்கள். பெற்ற நன்மையை மறைப்பவர், உண்மையை ஏற்க மறுப்பவர் என்ற பொருள்களும் அந்த வேரிலிருந்து கிளைத்தவைதான்.

சமயத்துக்குள் அந்தச் சொல் இருப்பதில் எனக்குப் புகார் இல்லை. அதை யாரைப் பார்த்துச் சொல்லலாம் என்று முஸ்லிம் அறிஞர்களே யோசித்திருக்கிறார்கள். இந்தோனேசியாவின் நஹ்தலத்துல் உலமா அமைப்பு 2019இல் கூடிப் பேசி, நாட்டில் உள்ள முஸ்லிமல்லாதவர்களைக் காஃபிர் என்று அழைக்க வேண்டாம், குடிமக்கள் என்றே சொல்லலாம் என்று முடிவெடுத்தது.

ஆங்கிலத்துக்கு அந்தச் சொல் வந்த வழி வேறு. கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் வணிகம் செய்த அரபுகள், இஸ்லாத்துக்கு வெளியே இருந்த கறுப்பின மக்களை அப்படி அழைத்தார்கள். அதைக் கேட்டுப் பிடித்துக்கொண்ட போர்த்துக்கீசியர் 'காஃப்ரெ' என்றார்கள். வேடிக்கை என்னவென்றால், அரபுகளின் கணக்கில் போர்த்துக்கீசியரும் காஃபிர்கள்தான்! தன்னையும் சேர்த்துக் குறிக்கிற சொல்லை அடுத்தவன்மேல் மட்டும் ஒட்ட வேண்டுமானால், அதிலிருந்த சமயத்தைக் கழற்றிப் போட வேண்டும். கழற்றினார்கள். தோலின் நிறம்தான் மிஞ்சியது.

அவர்களிடமிருந்து டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கைமாறியது. தென்னாப்பிரிக்காவில் சோசா மக்களோடு நடத்திய போர்களுக்குக் 'காஃபிர் போர்கள்' என்று பெயர் வைத்தார்கள். அவர்களிடமிருந்து பிடித்த நிலத்தில் ஒரு பகுதி 'பிரிட்டிஷ் காஃப்ரேரியா' ஆனது. சோளம்கூடக் 'காஃபிர் கார்ன்'. நிறவெறி ஆட்சிக்குள் வரும்போது அது வெறும் வசவு. கறுப்பினக் காவலர்களை அந்தச் சொல்லால் திரும்பத் திரும்ப ஏசிய ஒரு பெண்ணுக்கு 2018இல் அந்த நாட்டு நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது. அதைத்தான் நாம் ரசத்துக்கும் சூப்புக்கும் பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

தமிழர்களுக்கு இது புரியாத சங்கதி இல்லை. 1860இல் ட்ரூரோ கப்பலில் மதராசிலிருந்து நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனவர்களின் வம்சத்தை அதே நாட்டில் 'கூலி' என்று ஏசினார்கள். உழைத்தவனுக்குக் கொடுக்கிற காசுக்கு நாம் சொல்லும் பெயர் அது.

அப்புறம், ஒன்று. இந்த மடலைப் படித்துவிட்டு யாரும் புத்தளம் பக்கத்துச் சிரம்பியடிக்குப் போய் அங்குள்ள காப்பிரி மக்களைத் திருத்த வேண்டாம். காலனி ஆட்சியாளர்கள் இலங்கைக்குக் கொண்டுவந்த ஆப்பிரிக்கர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். இலங்கையின் பைலா பாட்டில் அவர்கள் பங்கும் உண்டு. அந்தப் பெயரை வைத்துக்கொள்வதா விடுவதா என்பது அவர்கள் பாடு. கொச்சியில் காப்பிரி முத்தப்பன் என்ற நாட்டார் தெய்வத்துக்குச் சுருட்டும் கள்ளும் படைக்கிறவர்களையும் விட்டுவிடுங்கள். நான் கேட்பது எலுமிச்சைக்கு மட்டும்.

பிரிட்டனில் வெயிட்ரோஸ் கடைகள் 2022இல் இந்த மாற்றத்தைச் செய்யத் தொடங்கின. நர்சரிக்காரர்கள் இருக்கிற சீட்டு தீர்ந்ததும் அடுத்த அச்சில் மாற்றினால் போதும். குறிப்பு எழுதுகிறவர்கள் இன்றைக்கே மாற்றலாம். மக்ரூட் வாயில் நுழையவில்லையா? சரி, 'தாய்லாந்து எலுமிச்சை இலை' என்று எழுதுங்கள், கடைக்காரர் எடுத்துக் கொடுத்துவிடுவார்.

அன்புடன்,
உங்கள் குறிப்புகளைப் பார்த்துச் சமைக்கும் ஒரு வாசகர்