பெருநாள் எந்த நாள் என்பது முதல் நாள் இரவுதான் தெரியும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் தையற்கடை வைத்திருக்கிறேன். போன நோன்புப் பெருநாளன்று, சாதாரண தரம் படிக்கும் என் மகள் காலைத் தொழுகை முடிந்த கையோடு தனியார் கல்வி நிலையத்துக்கு ஓடினாள். அன்று கணிதப் பரீட்சை. நான் தைத்துக் கொடுத்த புதுச்சட்டையைப் பகல் வந்துதான் உடுத்தாள்.

அவளுடைய ஆசிரியர் நல்லவர். “ஒரு கிழமைக்கு முன்னரே திகதியைச் சொல்லியிருந்தால் மாற்றியிருப்பேனே” என்று வருந்தினார். எங்களுக்கே தெரியாத திகதியை எப்படிச் சொல்வது?

இருபத்தொன்பதாம் நோன்பு திறந்ததும் மேற்கு வானத்தில் பிறை தேடுவோம். தென்பட்டால் மறுநாள் பெருநாள். இல்லையென்றால் முப்பதையும் நிறைவு செய்ய வேண்டும். கொழும்புப் பெரிய பள்ளிவாசலிலிருந்து அறிவிப்பு வரும்வரை வானொலியை விட்டு நகரமாட்டோம். அறிவிப்பு வந்த கணத்திலிருந்து தெருவெல்லாம் இறைவனைப் போற்றும் தக்பீர் முழங்கும். என் கடையில் பொத்தான் தைக்காத சட்டைகள் குவிந்து கிடக்கும். சுபஹு என்னும் விடியற்காலைத் தொழுகைவரை இயந்திரம் ஓயாது. வீட்டில் மனைவி வட்டிலப்பம் அவிப்பார். கித்துள் கருப்பட்டிக்குப் பதிலாகப் பனங்கட்டி போடுவது அவருடைய கைப்பக்குவம். முதல் கிண்ணம் பக்கத்து வீட்டு ஆச்சிக்கு. பொங்கலன்று அந்தக் கிண்ணம் புக்கையோடு திரும்பி வரும்.

தொழுகைக்குப் புறப்படுமுன் ஏழைகளுக்குரிய பெருநாள் தர்மமான பித்ராவைக் கொடுத்துவிட வேண்டும். தலைக்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ அரிசி. கைக்குழந்தைக்கும் சேர்த்துத்தான் கணக்கு. பெருநாளன்று எந்த வீட்டிலும் அடுப்பு எரியாமல் இருக்கக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது.

1990 ஒக்டோபர் 30 அன்று இரண்டு மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாண முஸ்லிம்களான எங்களை ஊரைவிட்டு வெளியேற்றியபோது எனக்குப் பதினொரு வயது. அடுத்த நோன்புப் பெருநாள் புத்தளத்தில், ஓலைக் கொட்டிலில் வந்தது. ஆண்டுதோறும் பித்ரா அளந்து கொடுத்த என் உம்மா, அன்று பையை விரித்து வாங்கினார். வாங்கும்போது அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. பிறந்த மண்ணில் என் பிள்ளைக்கு ஒரு முழுப் பெருநாள் கிடைக்க வேண்டும் என்று நான் இவ்வளவு ஆசைப்படுவது அதனால்தான்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. துல்ஹஜ் மாதத்துப் பிறையின் பத்தாம் நாள் வருவதால் ஒரு கிழமைக்கு முன்னரே சொல்லிவிடலாம். அதைச் சொல்லும் பொறுப்பு எங்களுடையது. நோன்புப் பெருநாளுக்கு மட்டும், இருபத்தொன்பதாம் நோன்பை அடுத்துவரும் இரண்டு நாட்களிலும் பரீட்சை வைக்காமல் இருக்கும்படி கல்வி நிலையங்களை நடத்துவோரை வேண்டுகிறேன். ஒரு வகுப்பில் எங்கள் பிள்ளை ஒன்றே ஒன்று இருந்தாலும் இதைச் செய்யுங்கள். அந்த இரண்டு திகதிகளையும் நோன்பு மாதத் தொடக்கத்திலேயே தங்கள் பத்திரிகையில் ஒரு சிறு பெட்டிச் செய்தியாக வெளியிட்டால் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தையற்கடைக்காரர் ஒருவர்,
சோனகத் தெரு, யாழ்ப்பாணம்.