கட்டிலைச் சுற்றி நிற்பவர்கள்

கிறிஸ்துவுக்குள் அன்பான தேவராஜ்,

உன் கடிதம் கிடைத்தது. அக்காவின் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததை அறிந்து வீட்டில் எல்லாரும் கர்த்தரை ஸ்தோத்திரித்தோம். நாங்கள் சுகமாயிருக்கிறோம்.

வாலிபர் கூட்டத்தில் பேய்ப் படங்களைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது என்றும், விசுவாசிகள் அவற்றைப் பார்க்கலாமா என்பதே முதல் கேள்வியாக வரும் என்றும் எழுதியிருந்தாய். பலவீனமான மனச்சாட்சி உடையவர்கள் பார்க்காமலிருப்பது நல்லது. அதை ஒரு வரியில் சொல்லிவிடலாம். அந்தப் படங்களில் பிசாசின் நோக்கம் என்னவென்று காட்டப்படுகிறது, அதற்கு எதிரே விசுவாசம் என்பது என்னவாக நிற்கிறது என்பதைத்தான் பிள்ளைகளோடு நிதானமாகப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

1973 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியான 'தி எக்ஸார்சிஸ்ட்' படத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் கதையை எழுதிய வில்லியம் பீட்டர் பிளாட்டி கத்தோலிக்கர். இயேசு சபைக் குருக்கள் நடத்தும் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, 1949இல் ஒரு சிறுவனுக்குப் பேயோட்டப்பட்ட செய்தியைப் படித்தவர். அது அவர் மனதில் பல ஆண்டுகள் தங்கியிருந்து, 1971இல் நாவலாக வந்தது. பிசாசு பிடித்த ஒரு சிறுமிக்கு இரண்டு குருக்கள் பேயோட்டுவதே கதை. அந்தச் சிறுமியின் தலை முழுச்சுற்றுத் திரும்பும் காட்சியைத்தான் எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். கதையின் பாரமோ டேமியன் கர்ராஸ் என்ற குருவின்மேல் இருக்கிறது. அவர் மனநல மருத்துவர். தம் விசுவாசம் போய்விட்டது என்று சக குருவிடம் சொல்லுகிறவர். தனிமையில் இறந்துபோன தாயை நினைத்துக் குற்ற உணர்வில் வேகிறவர். பிசாசு சிறுமியின் வாயிலிருந்து அந்தத் தாயைப் பற்றியே பேசுகிறது.

ஏன் இந்தச் சிறுமி, இதற்கு என்ன அர்த்தம் என்று கர்ராஸ் மாடிப்படியில் உட்கார்ந்து மூத்த குரு மெரினிடம் கேட்கும் ஓர் உரையாடல் உண்டு. நாம் நம்மையே மிருகமாகவும் அருவருப்பாகவும் எண்ணி நம்பிக்கையிழக்க வேண்டும், இப்படிப்பட்ட நம்மைத் தேவன் நேசிக்கக்கூடும் என்பதை மறுக்க வேண்டும், நோக்கம் அதுதான் என்பது மெரினின் பதில். இயக்குநர் வில்லியம் ஃபிரீட்கின் 1973இல் இதை வெட்டிவிட்டார். பிளாட்டியின் விருப்பப்படி 2000ஆம் ஆண்டு வந்த பதிப்பில்தான் அது திரும்பச் சேர்க்கப்பட்டது. என்னைப் பொறுத்தவரை படத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. பிசாசு பிடித்திருப்பது கட்டிலில் கிடக்கிற பிள்ளையை; அது குறிவைப்பதோ கட்டிலைச் சுற்றி நிற்கிறவர்களை.

அந்த வெளிச்சத்தில் முடிவைப் பார். மெரின் ஜெபத்தின் நடுவே இறந்துபோகிறார், சடங்கு முற்றுப்பெறவில்லை. கர்ராஸ் அந்த ஆவியைத் தன்னிடம் வரும்படி அழைத்து, அது தன் கைகளாலேயே சிறுமியைக் கொல்ல முற்படும்போது தன்னை மீட்டுக்கொண்டு ஜன்னல் வழியாகப் பாய்கிறார். பிசாசு ஜெயித்துவிட்டதாகப் பலர் புரிந்துகொண்டது பிளாட்டியை வருத்தியது. அந்தப் பாய்ச்சலை வேதத்தின்படி நியாயப்படுத்த என்னால் முடியாது. ஆனாலும், தேவன் நேசிக்கிறார் என்று உணரமுடியாத நிலையிலேயே ஒருவன் யாரோ ஒரு பிள்ளைக்காகத் தன்னைக் கொடுக்கிறான் என்பதில் சிலுவையின் சாயல் இருக்கிறது என்பதை மறுக்கவும் முடியாது. "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே! என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று மாற்கு ஒன்பதாம் அதிகாரத்தில் கதறுகிற தகப்பனும் பிள்ளைக்காகவே கதறுகிறான்.

பின்னால் வந்த படங்கள் பலவற்றில் எனக்குள்ள குறை இதுதான்: சிலுவை ஓர் ஆயுதமாகிவிடுகிறது, லத்தீன் ஜெபம் மந்திரமாகிவிடுகிறது. அப்போஸ்தலர் பத்தொன்பதாம் அதிகாரத்தில் பிசாசை ஓட்டப் போன ஸ்கேவாவின் குமாரர் ஏழுபேரும் இயேசுவின் நாமத்தை அப்படித்தான் பயன்படுத்தினார்கள்; "இயேசுவை அறிவேன், பவுலையும் அறிவேன், நீங்கள் யார்" என்ற பதில்தான் அந்தப் பொல்லாத ஆவியிடமிருந்து கிடைத்தது.

அன்னலீஸ் மிஷேலின் சரித்திரத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடு. வலிப்பு நோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்த அந்த ஜெர்மானியக் கல்லூரி மாணவிக்கு, ஆயரின் அனுமதியோடு 1975-76இல் 67 முறை பேயோட்டும் சடங்கு நடந்தது. உணவின்றி உடல் வற்றி, 1976 ஜூலை 1ஆம் தேதி 23 வயதில் அவள் இறந்தாள். கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக அவளுடைய பெற்றோரையும் இரண்டு குருக்களையும் 1978இல் நீதிமன்றம் குற்றவாளிகள் என்று தீர்த்தது. 2005இல் வந்த 'தி எக்ஸார்சிசம் ஆஃப் எமிலி ரோஸ்' இந்தச் சம்பவத்தைத் தழுவியது. பிசாசு உண்டு என்று நம்புகிற நாம், மருத்துவரைத் தள்ளிவைப்பது விசுவாசம் ஆகாது என்பதையும் அதே மூச்சில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். இதை நீ அழுத்திச் சொல்ல வேண்டும். நோயுற்ற பிள்ளையைப் பிசாசு பிடித்தவள் என்று சபையார் ஒதுக்கினால், நம்பிக்கையிழக்கச் செய்கிற அந்த வேலையை நாமே செய்தவர்களாவோம்.

கூட்டத்தில் வாசிக்க மாற்கு ஐந்தாம் அதிகாரத்தை எடுத்துக்கொள். லேகியோன் என்னும் பிசாசுக் கூட்டம் பிடித்திருந்தவன் வஸ்திரந்தரித்து, புத்தி தெளிந்து உட்கார்ந்திருப்பதைக் கண்டபோதுதான் ஊரார் பயந்தார்கள் என்று எழுதியிருக்கிறது. அவன் கல்லறைகளில் கூச்சலிட்டபோது பழகிப்போயிருந்தவர்கள், சுகமடைந்தபோது ஏன் பயந்தார்கள் என்று பிள்ளைகளிடமே கேள். அவர்கள் சொல்லும் பதில்களை எனக்கு விவரமாக எழுது. இங்கே எங்கள் சபையிலும் அடுத்த மாதம் இதையே பேச எண்ணியிருக்கிறேன்.

அக்காவுக்கு எங்கள் அன்பைத் தெரிவி.

கர்த்தருக்குள் உன் அன்பு நண்பன்,
ஞானமுத்து