டயர் பில்லில் தயாரிப்பு வாரத்தையும் எழுதச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மழைக்காலம் வந்தால் உங்கள் நாளிதழில் வாகனப் பராமரிப்புக் குறிப்புகள் வரும். காற்றைச் சரிபாருங்கள், மொட்டையான டயரை மாற்றிவிடுங்கள் என்று எழுதுவீர்கள். நல்ல விஷயம்தான். ஆனால் மாற்றுவதற்குக் கடைக்குப் போனால் அங்கே என்ன நடக்கிறது, கையில் இருக்கிற காசுக்கு எதைப் பார்த்து வாங்குவது என்பதை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. அதனால் என் அனுபவத்தை எழுதுகிறேன். இடம் இருந்தால் முழுவதையும் வெளியிடுங்கள். இல்லையென்றால் பில்லைப் பற்றிக் கடைசியில் கேட்டிருப்பதை மட்டுமாவது வெளியிடுங்கள்.

நான் கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பம்ப் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் ஜாப் ஒர்க். 2021-இல் ஒரு பழைய அபார்த் புன்டோ வாங்கினேன். ஃபியட் கம்பெனி 2015-இல் இங்கே விற்பனைக்குக் கொண்டுவந்த வண்டி. வெளியே பார்த்தால் சாதாரண புன்டோ மாதிரிதான் இருக்கும். உள்ளே 1.4 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 145 குதிரைத்திறன், நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். புதிதில் ஷோரூம் விலையே பத்து லட்சத்தை ஒட்டி இருந்தது. பழைய கார் சந்தையில் எனக்கு எட்டுகிற விலைக்குக் கிடைத்தது. கரிவரதன் பந்தயக் கார் கட்டிய ஊரில் வளர்ந்தவன் நான். செட்டிபாளையம் பக்கம் கரி மோட்டார் ஸ்பீட்வே வந்த நாளிலிருந்து அங்கே போய் வேலி ஓரம் நின்று பார்த்திருக்கிறேன். ரொம்ப நாள் ஆசை அந்த வண்டி.

இப்படி வேகமான காரைப் பழையதாக வாங்குகிறவர்கள் இன்று நிறையப் பேர். காரின் விலை வருடா வருடம் இறங்கும். டயரின் விலை இறங்காது, அது புதுக் காருக்கு என்ன விலையோ அதே விலைதான். இதை யோசிக்காமல் வாங்கிவிட்டு டயர் மாற்றும்போது தடுமாறுகிறோம். நானும் தடுமாறினேன்.

2022 ஆகஸ்டில் பழைய டயர்கள் தேய்ந்து போயின. அந்த மாதம் இரண்டு கம்பெனியிலிருந்து பணம் வரவில்லை. ஒரு கடையில் என் சைஸ் டயர் நான்கும் "ஆஃபர்ல இருக்குதுங்க" என்று மற்ற கடைகளைவிட ஒன்றுக்கு 1,800 ரூபாய் குறைத்துச் சொன்னார்கள். பெயர் தெரிந்த கம்பெனி டயர், ஸ்டிக்கர் கிழியவில்லை, ரப்பர் முடிகள் அப்படியே நிற்கின்றன. மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

2025 ஜூலையில் குடும்பத்தோடு வால்பாறை போய்விட்டுத் திரும்பி வந்தோம். நல்ல மழை. நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் பெரும்பாலானவற்றைத் தாண்டி, லோம்ஸ் வியூ இருக்கிற ஒன்பதாவது வளைவுக்கு வரும்போது வண்டி முப்பதுக்கு மேல் போயிருக்காது. திருப்பும்போது லேசாக பிரேக்கைத் தொட்டேன். பின்பக்கம் மொத்தமாக வெளியே வழுக்கியது. எதிரே பஸ் வரவில்லை, அவ்வளவுதான். பின் சீட்டில் இருந்த என் மகள் அழவில்லை, பேசவும் இல்லை. ஆழியாறு வரும்வரை வண்டிக்குள் யாருமே பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வெர்னியர் அளவுகோலின் ஆழம் அளக்கும் முனையை டயரின் வரிக்குள், அதாவது அதில் வெட்டியிருக்கிற பள்ளத்துக்குள், விட்டு அளந்தேன். முன்னால் 3.2 மில்லிமீட்டர், பின்னால் 4.6. சட்டப்படி காருக்கு 1.6 இருந்தாலே போதும். அப்படிப் பார்த்தால் என் டயர் தேறிவிட்டது. அப்புறம் ஏன் வழுக்கியது? ரப்பர் பாகம் வார்க்கிற நண்பர் ஒருவர் கடினத்தன்மை பார்க்கும் ஷோர் மீட்டரை எடுத்து வந்து வைத்தார். 78 காட்டியது. அவருடைய காரில் இருந்த ஒரு வருட டயரில் வைத்தால் 64. என் டயர் ரப்பர் இறுகிப் போயிருக்கிறது. ஈரத் தார் ரோட்டின் மேடு பள்ளத்தில் அமுங்கிப் பிடிக்க வேண்டிய பொருள், கட்டை மாதிரி அதன் மேல் சறுக்கிப் போகிறது.

வண்டியை லிஃப்டில் ஏற்றி உள்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தபோது விஷயம் தெரிந்தது. டயரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். என் டயரில் 1118. அதாவது 2018-இன் பதினோராவது வாரம். நான் "புது டயர்" என்று வாங்கிய நாளிலேயே அதற்கு நான்கு வயது தாண்டிவிட்டது. மழையில் வழுக்கியபோது ஏழு வயது. வார எண் முழுதாக இருப்பது டயரின் ஒரு பக்கத்தில் மட்டும்தான். அந்தப் பக்கம் உள்ளே போகிற மாதிரி மாட்டிவிட்டால், படுத்துத் தேடினால் ஒழியத் தெரியாது. என் காரில் நான்கும் அப்படித்தான் மாட்டப்பட்டிருந்தன.

சட்டம் வரியின் ஆழத்தைக் கேட்கிறது, டயரின் வயதைக் கேட்பதில்லை. ஐந்து வருடம் ஓடிய டயரை வருடத்துக்கு ஒருமுறையாவது சோதிக்க வேண்டும், பத்து வருடத்துக்கு மேல் எப்படி இருந்தாலும் ஓட்டக்கூடாது என்று டயர் கம்பெனிகளே சொல்கின்றன. நம் ஊர் வெயிலில், கூரைக்கு வெளியே கயிற்றில் தொங்கவிட்டு வைத்திருந்த டயருக்கு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதே வண்டியை மறுபடி ஓட்ட மனம் வரவில்லை. செப்டம்பர் 22-ஆம் தேதி டயருக்கான ஜி.எஸ்.டி. 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறையும் என்று செய்தி வந்தது. அதுவரை வண்டியைப் பட்டறையிலேயே நிறுத்திவிட்டு, அக்டோபரில் 32,000 ரூபாயோடு கிளம்பினேன். மூன்று கடை ஏறினேன்.

முதல் கடையில் என் சைஸ் இல்லை. என் வண்டிக்கு 195/55 ஆர் 16. அதாவது அகலம் 195 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 55 சதவீதம், சக்கரம் 16 அங்குலம். "205/55 போட்டுக்கோங்க அண்ணா, அகலம் ஜாஸ்தி, கிரிப் ஜாஸ்தி, விலையும் ஒரே ரேட்டுதான்" என்றார். அதில் பொய் இல்லை. 205/55 பல செடான்களுக்கு வருகிற சைஸ் என்பதால் நிறையக் கம்பெனியில் கிடைக்கும். உட்கார்ந்து கணக்குப் போட்டேன். என் டயரின் மொத்த விட்டம் 621 மில்லிமீட்டர், அதன் விட்டம் 632. ஸ்பீடோமீட்டரில் ஏறத்தாழ 2 சதவீதம் மாறும். ஓடாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது உள்ளே உரசுமா, நான்கு பேர் ஏறினால் என்ன ஆகும் என்று கேட்டால் அவரிடம் பதில் இல்லை. கடையில் அதுதான் இருந்தது, அதனால் அதைச் சொன்னார்.

இரண்டாவது கடையில் என் சைஸ் இருந்தது. 900 ரூபாய் குறைவு. பார்த்தால் வேகக் குறியீடு எச். என் வண்டியின் புத்தகத்தில் இருப்பது வி. எச் என்றால் 210 கிலோமீட்டர் வேகம்வரை தாங்கும், வி என்றால் 240. "நம்ம அவினாசி ரோட்டுல யாருங்க 200 போறாங்க" என்று கேட்டார். யாரும் போவதில்லை, போகவும் கூடாது. ஆனால் அந்த எழுத்து வேகத்தை மட்டும் சொல்வதில்லை. டயர் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதும் அதில் அடங்கியிருக்கிறது. மே மாத மதியத்தில் நான்கு பேரும் பெட்டியுமாகச் சேலம் போகிற வண்டிக்கு அது வேண்டும். காரைச் செய்தவன் ஒரு எழுத்தைப் போட்டிருக்கிறான் என்றால் அதற்குக் கீழே இறங்கி மிச்சம் பிடிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. பக்கத்தில் இருக்கிற எடைக் குறியீடும் அப்படித்தான். 87 என்றால் ஒரு டயர் 545 கிலோ தாங்கும்.

சரி, அப்போது எங்கேதான் மிச்சம் பிடிப்பது? பெயரில் பிடிக்கலாம். வெளிநாட்டுப் பெயர் உள்ள உயர்ரக டயருக்கு ஒன்று 11,000-க்கு மேல் கேட்டார்கள். திருவொற்றியூரிலும் ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் டயர் செய்கிற மாநிலம் நம்முடையது. கரி ஸ்பீட்வேயில் ஃபார்முலா கார்கள் ஓடுவதே நம் நாட்டு டயரில்தான். உள்நாட்டு டயர் என்றாலே மட்டம் என்று நினைக்கிற காலம் போய்விட்டது. இன்னொன்று, 2020 ஜூனில் டயர் இறக்குமதியை அரசு கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்துவிட்டது. உரிமம் இல்லாமல் கொண்டுவர முடியாது. 18 அங்குலச் சக்கரம் உள்ள ஜெர்மன் கார் வைத்திருக்கும் என் நண்பர் ஒரு ஜோடி டயருக்காக இரண்டு மாதம் காத்திருந்தார். பழைய பெர்ஃபார்மன்ஸ் கார் வாங்க நினைக்கிற தம்பிகள் கார் பார்க்கப் போகும்போதே டயர் சைஸைக் குறித்துக்கொண்டு வந்து, அது இங்கே செய்யப்படுகிறதா, என்ன விலை என்று முதலில் விசாரியுங்கள். அப்புறம் இன்ஜின் சத்தத்தைக் கேட்கலாம்.

நைட்ரஜனுக்குக் கொடுக்கும் காசையும் மிச்சம் பிடிக்கலாம். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வண்டி சூடாவதற்கு முன் காலையில் காற்றுப் பார்த்தால் போதும். புது அலாய் வீலையும் தள்ளிப்போடலாம். சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்கிற அலைன்மென்டை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அது கெட்டால் உள்விளிம்பு மட்டும் தேய்ந்து புது டயரும் சீக்கிரம் போய்விடும்.

செகண்ட் ஹேண்ட் டயர் பக்கம் போகவே வேண்டாம் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். தேய்ந்த டயரில் சூடான கத்தியால் புது வரி வெட்டி, கறுப்புப் பூசி வைத்திருப்பதைக் கண்ணால் பார்த்தேன். அதில் வரிக்கு அடியில் கம்பி வலைவரை மிச்சம் இருப்பது காகிதம் கனம்தான்.

நட்சத்திரக் குறி பற்றியும் ஒரு வார்த்தை. ஃபிரிட்ஜில் ஒட்டுவது போல டயருக்கும் எரிசக்தித் துறையின் நட்சத்திர லேபிள் வந்திருக்கிறது. அது பெட்ரோல் சிக்கனத்துக்கானது. ஐந்து நட்சத்திரம் என்றால் மழையில் ஐந்து மடங்கு பிடிக்கும் என்று கடைக்காரர் ஒருவர் சொன்னார், அப்படி இல்லை. பல டயர்களில் டிரெட்வேர் என்று ஓர் எண் இருக்கும். எண் அதிகமானால் ரொம்ப நாள் உழைக்கும், குறைந்தால் பெரும்பாலும் ரப்பர் மென்மையாக இருக்கும். ஒவ்வொரு கம்பெனியும் தானே சோதித்துப் போடுகிற எண் என்பதால் ஒரே கம்பெனியின் இரண்டு டயர்களை ஒப்பிட மட்டும் நம்புங்கள். அதன் பக்கத்திலேயே டிராக்ஷன் என்று ஓர் எழுத்து இருக்கும். அது ஈர ரோட்டில் பிரேக் பிடிப்பதற்கானது. அதில் 'ஏ'-க்குக் கீழே நான் இறங்க மாட்டேன்.

நான்குக்குப் பணம் இல்லை, இரண்டுதான் முடியும் என்றால் இரண்டு வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் புது டயர் இரண்டும் பின்னால் போக வேண்டும். முன்சக்கரம் இழுக்கிற கார் என்பதால் எல்லாக் கடையிலும் முன்னால்தான் மாட்டப் பார்ப்பார்கள். முன் டயர் வழுக்கினால் ஸ்டியரிங்கில் தெரியும், காலை எடுத்தால் பெரும்பாலும் திரும்பப் பிடித்துக்கொள்ளும். பின் டயர் வழுக்கினால் வண்டி சுற்றிவிடும், நமக்கு நேரம் கிடைக்காது. ஒன்பதாவது வளைவில் அதைத்தான் பார்த்தேன்.

மூன்றாவது கடையில்தான் வாங்கினேன். டயர் ஒன்று 6,400, ஜி.எஸ்.டி.யோடு 7,552 ரூபாய். பழைய ஜி.எஸ்.டி.யாக இருந்தால் 8,192 ஆகியிருக்கும். நான்கும், பேலன்ஸிங், அலைன்மென்டும் சேர்த்து 31,400. மாட்டுவதற்கு முன் நான்கையும் தரையில் வைத்து வார எண்ணைக் காட்டச் சொன்னேன். அந்தக் கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை. மூன்றில் 2825, ஒன்றில் 2625. "பில்லில் இதை எழுதித் தர முடியுமா?" என்று கேட்டேன். பேனாவை எடுத்து நான்கையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இரண்டு நிமிடம் ஆனது.

இதைத்தான் எல்லாக் கடையிலும் கட்டாயமாக்க வேண்டும் என்று கேட்கிறேன். மருந்துக்கடையில் பத்து ரூபாய் மாத்திரை வாங்கினால் பில்லில் பேட்ச் எண்ணும் காலாவதி மாதமும் வருகிறது. பால் பாக்கெட்டில் தேதி இருக்கிறது. முப்பதாயிரம் ரூபாய்க்கு வாங்கி, குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மலை இறங்குகிற பொருளின் பில்லில் சைஸும் விலையும் மட்டும்தான் இருக்கிறது. கடைக்காரர்களின் கஷ்டமும் எனக்குப் புரிகிறது. என் சைஸ் மாதிரி மெதுவாகப் போகிற சரக்கு அவர்களிடம் தேங்கும். நிழலில் ஒழுங்காக வைத்திருந்த ஒரு வருட டயரை வாங்க எனக்குத் தயக்கம் இல்லை. அதைவிடப் பழையதாக இருந்தால் வயதைச் சொல்லி, விலையைக் குறைத்து விற்கட்டும். வேண்டுமா வேண்டாமா என்று வாங்குகிறவர் முடிவு செய்துகொள்வார். சொல்லாமல் மாட்டிவிடுவதுதான் தவறு. அப்படி ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். ஆனால் பில்லில் வார எண் இல்லாமல் எதை வைத்து நிரூபிப்பது? எனக்கு அந்த வழி இல்லாமல் போனது அதனால்தான்.

அந்த அக்டோபர் பில்லின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். கடைப் பெயரையும் என் வண்டி எண்ணையும் மறைத்துவிட்டு, கையால் எழுதிய அந்த நான்கு எண்களும் தெரிகிற மாதிரி வெளியிட முடியுமா என்று பாருங்கள்.

இப்படிக்கு,
லேத் பட்டறை உரிமையாளர்,
கணபதி, கோவை.