விறைப்பான ஷாக் அப்சார்பர்தான் உழைக்குமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த வாகனப் பராமரிப்புக் கட்டுரையில், 80,000 கிலோமீட்டர் ஓடியதும் ஷாக் அப்சார்பரை மாற்றிவிடச் சொல்லியிருந்தார்கள். அமெரிக்காவில் சொல்லும் 50,000 மைல் கணக்கு அது. நாமக்கல்லில் லாரிப் பட்டறை வைத்திருக்கிறேன், கார்களும் வரும். நான்கு வழிச் சாலையிலேயே ஓடுகிற கார் லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் நன்றாக இருக்கும். கல்குவாரிக்குப் போய்வரும் டிப்பர் அதில் பாதி தாங்கினாலே பெரிது. மீட்டரைப் பார்த்து முடிவெடுக்கிற சாமான் இல்லை இது.

அதைவிட என்னை எழுத வைத்தது வேறொன்று. "அண்ணே, நல்லா டைட்டா இருக்கறதா போடுங்க, அப்பத்தான் உழைக்கும்" என்று கேட்காத ஆளே இல்லை. கடைக்காரரும் கையால் அமுக்கிக் காட்டி, "பாருங்க, எவ்வளவு கெட்டி" என்று விற்றுவிடுகிறார். வண்டியின் பாரத்தைச் சுமப்பது பட்டை ஸ்பிரிங்கும் (வளைந்த இரும்புப் பட்டைகள்) சுருள் ஸ்பிரிங்கும்தான். அவை குதித்துக்கொண்டே இருக்காமல் அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. பிஸ்டனில் உள்ள சின்னத் துளைகள் வழியாக ஆயில் நெருக்கிக்கொண்டு போகும்போது அந்தக் குதியல் சூடாக மாறிவிடுகிறது. ஸ்பிரிங்குக்குப் பொருந்தாத விறைப்பில் ஒன்றைப் போட்டால், பள்ளத்தில் விழும் அடி நேராக ஷாக்கை மாட்டியிருக்கும் மவுண்டிங்குக்கும் அங்குள்ள ரப்பர் புஷ்ஷுக்கும் போகும். ஷாக் புதுசாகவே இருக்கும், அதைப் பிடித்திருக்கும் பிராக்கெட் விரிசல் விட்டிருக்கும்.

லாரி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பல பட்டைகளை அடுக்கிய பழைய செட்டில் பட்டையோடு பட்டை உரசுவதே குதியலைப் பெருமளவு அடக்கிவிடும். பின் ஆக்சிலில் ஷாக்கே இல்லாமல் ஓடும் லாரிகள் எத்தனையோ உண்டு. பாரபோலிக் பட்டை வந்த வண்டிகளில் அந்தச் சலுகை கிடையாது. இரண்டு மூன்று பட்டைதான், நடுவில் இடைவெளி, உரசல் மிகக் குறைவு. அங்கே முன் ஷாக் போய்விட்டால் டயர் திட்டுத் திட்டாகத் தேய ஆரம்பிக்கும். மலிவு ஷாக்கில் மிச்சம் பிடித்த காசு முன் டயரில் போய்விடும்.

காரைப் போல லாரியை அமுக்கிப் பார்த்தா ஷாக்கைச் சோதிக்க முடியும்? மோசமான ரோட்டில் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு, இறங்கி இரண்டு பக்க ஷாக்கையும் தொட்டுப் பாருங்கள் (மெதுவாக, நன்றாகவே சுட்டிருக்கும்). ஒன்று சூடாகவும் மற்றது சில்லென்றும் இருந்தால், சில்லென்று இருப்பது சும்மா தொங்கிக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். மேலே லேசாக எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டியிருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். சொட்டினால் மாற்றுங்கள், ஒரே ஆக்சிலில் இரண்டையும் சேர்த்தே.

எதை வாங்குவது? தொடர்ந்து குலுங்கினால் சாதா ஆயில் ஷாக்கில் ஆயில் நுரைத்துத் தளர்ந்துவிடும். நைட்ரஜன் கேஸ் அடைத்தது அந்த நுரையைக் கட்டுப்படுத்தும். அதிலேயே ஒற்றைக் குழாய் வகை சீக்கிரம் சூடு ஆறும், ஆனால் பிஸ்டன் வெளிக்குழாயிலேயே ஓடுவதால், கல் பட்டு நெளிந்தால் கதை முடிந்தது. கல் தெறிக்கும் ரோட்டில் ஓடும் வண்டிக்கு, கேஸ் அடைத்த இரட்டைக் குழாய் வகையைத்தான் நான் சொல்வேன். மற்றபடி வண்டிக் கம்பெனி குறித்த பார்ட் நம்பருக்கு மேல் புத்திசாலித்தனம் வேண்டாம்.

நல்ல சாமானையும் மாட்டுகிற கை கெடுத்துவிடும். மேல் நட்டை முறுக்கும்போது ஷாக்கின் பிஸ்டன் ராடு சேர்ந்து சுற்றினால், பையன் சட்டென்று பைப் ரெஞ்சை எடுத்து அந்தப் பளபள குரோமிலேயே கடிக்க வைப்பான். நகத்தால் தடவினால் தட்டுப்படும் அளவுக்குக் கீறல் விழும். ராடு ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கீறல் ஆயில் சீலை அறுக்கும், கொஞ்ச நாளில் ஒழுகும். பழி கம்பெனிமேல். தூசிக் கவரும் பம்ப் ஸ்டாப்பரும் (ஷாக் முழுதாக அமுங்கி இடிக்காமல் தாங்கும் ரப்பர்) நைந்திருந்தால் சில நூறு ரூபாயைப் பார்க்காமல் புதிது போடச் சொல்லுங்கள். கண் புஷ் (முனை வளையத்துக்குள் ரப்பர் புஷ்) உள்ள ஷாக் என்றால், வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கி, பாரம் சக்கரத்தில் உட்கார்ந்த பிறகே போல்ட்டைக் கடைசி முறுக்கு முறுக்க வேண்டும். தொங்கவிட்டு முறுக்கினால் ரப்பர் முறுக்கியபடியே நின்று கிழியும். காரில் ஸ்ட்ரட் (சக்கரத்தைத் தாங்கிப் பிடிக்கும் ஷாக் வகை) மாற்றினால் வீல் அலைன்மென்ட்டும் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், ரீகண்டிஷன். குழாயில் ஓட்டை போட்டு, ஆயில் ஊற்றி, வெல்டு வைத்து, கருப்பு பெயின்ட் அடித்துப் புதிது மாதிரி வருகிறது. தேய்ந்த வால்வு தேய்ந்தபடியேதான் உள்ளே இருக்கும். பார்ட் நம்பர் போட்ட ஜிஎஸ்டி பில் இல்லாமல் வாங்காதீர்கள். கழற்றிய பழையதையும் பட்டறையில் விட்டுவிடாமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
லாரிப் பட்டறை உரிமையாளர் ஒருவர்,
நாமக்கல்.